ஒரே காத்து, ஒரே மழை, பக்கத்து விளை வாழை மட்டும் எப்படி நிக்குது?

அண்ணே, நீங்க கேட்டதை மத்தவங்களுக்கும் புரியுற மாதிரி சுருக்கமா சொல்லிட்டு பதிலுக்கு வாறேன். கன்னியாகுமரி மாவட்டம் அருமனை பக்கம் உங்க விளையில (தோட்டத்துல) 200 மூடு ஏத்தன் வாழை (நேந்திரன்), ஓணத்துக்கு வெட்டணும்னு ஐப்பசியில வச்சது, அடுத்த விளைக்காரரும் அதே கன்னு அதே மாசம்தான், ஆனா ஆனி மாசம் அடிச்ச காத்துல உங்களுக்கு அறுபதுக்கு மேல ஒடிஞ்சு போச்சு, அவருக்கு நாலஞ்சுதான். நின்னதுலயும் இலைப்புள்ளி ஏறி அடி இலையெல்லாம் கருகுது. சத்துக் குறைச்சலுக்கும் இப்படி அடி தாங்குற தெம்புக்கும் நெஜமாவே சம்பந்தம் இருக்கா, இல்ல உரம் விக்கிறதுக்காக சொல்ற கதையான்னு கேட்டீங்க.

சம்பந்தம் இருக்கு. நான் விவசாயம் படிச்சவன், கல்குளம் பக்கம் எங்க வீட்டுலயும் வாழை, தென்னை, கொஞ்சம் வயலு எல்லாம் உண்டு, அதனால படிச்சதையும் பாத்ததையும் சேத்தே சொல்றேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். ஒடிஞ்ச எடத்தைக் குனிஞ்சு பாத்தீங்களா? தண்டு நடுவுல மடங்கி ஒடிஞ்சிருந்தா ஒரு காரணம், கிழங்கோட பேந்து சாஞ்சிருந்தா வேற காரணம். ஒடிஞ்ச தண்டைப் பிளந்து பாத்தா உள்ள ஓட்டை ஓட்டையா, பசை மாதிரி வடிஞ்சு, புழு தின்ன பாதை இருந்தா அது கூன்வண்டு வேலை, அதுக்கு உரத்தைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. வேரோட பேந்ததா இருந்தா ஒரு வேரை நீளவாக்குல கீறிப் பாருங்க, உள்ள செவப்பும் கருப்புமா புண்ணு கெடந்தா நூற்புழு. இந்த ரெண்டும் இல்லாம, தண்டு வெளியில பாக்க நல்லாவே இருந்து, குலை பாரத்துல நடுவுல சுருங்கி மடங்கினா, அங்கதான் சத்துக் கதை ஆரம்பிக்குது. நீங்க அனுப்புன படத்துல எனக்குத் தெரிஞ்சது மூணாவது வகை. அடி இலை ஓரம் மஞ்சளாகி, நுனியில இருந்து காஞ்சு, இலை நுனி உள்பக்கமா மடங்கி, நடு நரம்பு கூட பாதியில ஒடிஞ்சு தொங்குது பாருங்க, அது வாழையில பொட்டாஷ், அதாவது பொட்டாசியம், பத்தலேங்கிறதுக்கு கிட்டத்தட்ட கையெழுத்து மாதிரி. புது இலை பச்சையா இருக்கும், பழசுதான் காட்டிக் குடுக்கும், ஏன்னா பொட்டாஷ் செடிக்குள்ள நகரக்கூடிய சத்து, பத்தாத காலத்துல செடி பழைய இலையில இருந்து உருவி புது இலைக்கும் குலைக்கும் குடுத்திரும்.

இதுல நம்மாளுங்க எல்லாருக்கும் வர்ற ஒரு தப்பு நினைப்பு, சத்துன்னா வளர்ச்சிக்கும் காய்க்கும் மட்டும்தான்னு நினைக்கோம். நல்ல வெள்ளமும் (தண்ணியும்) நல்ல காலநிலையும் இருந்தா கொஞ்சம் சத்துக் குறைஞ்ச வாழையும் நிறைஞ்ச வாழையும் பாக்க ஒண்ணு போலத்தான் நிக்கும், குலையில ரெண்டு மூணு கிலோ வித்தியாசம் வரும், அவ்வளவுதான். வெயிலோ காத்தோ பூசணமோ வந்து இடிக்குற அன்னைக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஏன்னா செடி அடியைத் தாங்க வச்சிருக்குற சாமானே இந்த சத்துக்களால ஆனது. செவுரு கட்டுறது கால்சியமும் போரானும், வாசலைத் தொறந்து மூடுறது பொட்டாஷ், உள்ள வர்ற விஷத்தை அணைக்குறது துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு. இதுல ஒண்ணு பத்தலேன்னா செடி அந்த வேலையை அரைகுறையா பாத்துட்டு நிக்கும், நமக்கு அடி விழுற வரைக்கும் தெரியாது.

பொட்டாஷையே எடுத்துக்குவோம். இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அது வழியாத்தான் காத்து உள்ள போகும், ஈரம் வெளிய வரும். அந்தத் துளைக்கு ரெண்டு பக்கமும் இருக்குற செல்லுக்குள்ள பொட்டாசியம் ஏறினா வெள்ளமும் ஏறி செல்லு உப்பி துளை தொறக்கும், வெளியேறினா மூடும். மதியம் சுள்ளுன்னு வெயில் அடிக்கும்போது சட்டுனு மூடணும், பொட்டாஷ் பத்தாத இலையில அது மெதுவாவும் அரைகுறையாவும்தான் நடக்கும், அதனால ஈரம் தேவையில்லாம போயிக்கிட்டே இருக்கும். பிப்ரவரி கடைசியில பேச்சிப்பாறை அணையில பாசன வெள்ளத்தை அடைச்ச பிறகு மார்ச் ஏப்ரல்ல ஒரே மாதிரி நனைச்ச ரெண்டு விளையில ஒண்ணு மட்டும் மூணாவது நாளே தொங்குதுன்னா இதையும் சந்தேகப்படணும். அதே பொட்டாஷ்தான் தண்டுல செல்லு செவுரு தடிக்கறதுக்கும், இலையில செஞ்ச சர்க்கரையை தண்டுக்கும் கிழங்குக்கும் குலைக்கும் கொண்டு போறதுக்கும் வேணும். அது இல்லேன்னா தண்டு பருமனா இருந்தாலும் உள்ள வெறும் வெள்ளமா இருக்கும். அதுக்கு மேல யூரியாவை அள்ளிப் போட்டா இன்னும் மோசம், மளமளன்னு வளரும், செவுரு மெலிசா இருக்கும், குலையும் பெருசா தள்ளும், ஆனி காத்துல மடங்கும். நீங்க யூரியா மூணு தடவை போட்டு பொட்டாஷ் ஒரே தடவை போட்டேன்னு எழுதியிருந்தீங்க, அதைப் படிச்சதுமே எனக்கு பாதி பதில் கெடச்சிட்டு.

இலைப்புள்ளிக்கும் இதுக்கும் என்ன தொடர்புன்னா, பொட்டாஷ் குறைஞ்ச இலையில சர்க்கரையும் அமினோ அமிலமும் மேற்கொண்டு மாவாவும் புரதமாவும் மாறாம அப்படியே தேங்கி நிக்கும். பூசணத்துக்கும் சாறு உறிஞ்சுற பூச்சிக்கும் சமைச்சு எடுத்து வச்ச சோறு மாதிரி அது. துத்தநாகமோ போரானோ குறைஞ்சா செல்லோட சவ்வு ஒழுகும், அந்தச் சர்க்கரை வெளியவே கசியும், பூசண வித்து முளைக்க அதுவே போதும். எடவப்பாதி மழையில (தென்மேற்குப் பருவமழையில) நம்ம மேற்குப் பக்க விளையெல்லாம் நாள் முழுக்க ஈரமாவே கெடக்கும், பூசணம் எல்லா விளைக்கும்தான் வருது, எங்க தங்குதுங்கிறதுல இந்த வித்தியாசம் வேலை செய்யுது. மருந்து அடிச்சா நோய் நிக்கும், ஆனா மூணு வாரத்துல திரும்ப வந்தா மருந்தை மாத்துறதுக்கு முன்னாடி இலையைப் பாருங்க.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், இது எனக்கே படிச்ச காலத்துல நம்ப முடியாம இருந்தது. வெயில்ல இலை கருகுதுன்னு சொல்றோம்ல, பல நேரம் அந்த இலை பசியிலதான் கருகுது. ஹோர்ஸ்ட் மார்ஷ்னர், இஸ்மாயில் சாக்மாக்னு செடிச் சத்தை ஆராய்ஞ்ச விஞ்ஞானிங்க ரெண்டு பேரும் 1989-ல பீன்ஸ் செடியை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. துத்தநாகம், பொட்டாசியம், மெக்னீசியம் குறைவா குடுத்து வளத்த செடியில, பளிச்சுனு வெளிச்சம் பட்ட இலை மஞ்சளாகிக் கருகுது, வெளிச்சம் குறைவா பட்டது பச்சையாவே நிக்குது, ரெண்டுலயும் சத்துக் குறைச்சல் ஒண்ணுதான். இதை நான் எங்க விளையில ஒரு பங்குனி மாசம் செஞ்சு பாத்தேன். கொஞ்சம் வெளிற ஆரம்பிச்ச வாழை இலை ஒண்ணுல, நல்ல வெயில் படுற எடமா பாத்து, தினசரி பேப்பரை கை அகலத்துக்கு ரெண்டா மடிச்சு ரெண்டு ஈர்க்குச்சியால குத்தி வச்சேன். பன்னெண்டு நாள் கழிச்சு எடுத்தா, பேப்பர் இருந்த எடம் மட்டும் கரையோடு வெட்டி ஒட்டின மாதிரி பச்சை, அதுக்கு அந்தப்பக்கம் நரம்புக்கு நடுவுல எல்லாம் மஞ்சள், ஓரத்துல காய ஆரம்பிச்சிருக்கு. ஒரே இலை, ஒரே வேர், ஒரே சத்து. எங்க அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவங்க "அப்ப தென்னை நிழல்ல நிக்குற வாழை பச்சையா இருக்குன்னு அங்க உரம் தேவையில்லன்னு விட்டோமே மக்கா"ன்னு கேட்டாங்க. ரொம்ப சரியான கேள்வி. நிழல் பசியை மறைச்சு வச்சிருந்தது, அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, இலை வெளிச்சத்தை வாங்கி சர்க்கரை செய்யுது, அந்தச் சர்க்கரையை கீழ அனுப்பணும், ஏத்தி அனுப்புற வேலைக்கு மெக்னீசியமும் பொட்டாசியமும் வேணும். அனுப்ப முடியலேன்னா சர்க்கரை இலையிலயே குவியும், இலை மேற்கொண்டு செய்யுறதைக் குறைச்சுக்கும், ஆனா வெயில் நிக்காதுல்ல, அது அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். செலவாகாத அந்த ஆற்றல் ஆக்சிஜன் மேல போயி அதை விஷமா மாத்திரும். அந்த விஷத்தை அணைக்குற என்சைம் ஒண்ணு, சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ்னு பேரு, அதுல ஒரு வகைக்கு துத்தநாகமும் தாமிரமும் வேணும், இன்னொரு வகைக்கு மாங்கனீசு வேணும், இரும்பு வச்சு வேலை செய்யுற வகையும் உண்டு. அணைக்க ஆள் இல்லேன்னா பச்சையம் வெந்து போகும். வறட்சி, அதிக வெயில், உப்பு, குளிர் எது வந்தாலும் கடைசியில செடிக்குள்ள நடக்குறது பெரும்பாலும் இந்த விஷம் பெருகுறதுதான், அதனாலதான் ஒரு சத்துக் குறைஞ்ச செடி பல விதமான அடிக்கும் சேத்து பலவீனமா நிக்குது.

சரி, உரம் போட்டும் நம்ம ஊருல ஏன் குறையுது? நம்ம மேற்குத் தாலுகா மண்ணு பெரும்பாலும் செம்புறை மண்ணு, புளிப்பு மண்ணு, வருஷத்துல ரெண்டு பருவமும் மழை. இந்த மண்ணுக்கு சத்தைப் பிடிச்சு வைக்கிற கை ரொம்பச் சின்னது. பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் மழையோட கீழ எறங்கிப் போயிரும், அதனால பொட்டாஷை ஒரே தடவையில கொட்டினா பாதி ஓடைக்குத்தான். மணிச்சத்து (பாஸ்பரஸ்) போட்டாலோ அதை இரும்பும் அலுமினியமும் பிடிச்சு வச்சுக்கும். மண்ணோட புளிப்பைக் காட்டுற அளவு பிஹெச், அது அஞ்சரைக்குக் கீழ போகப் போக அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியைக் கருக்கும், வேர் குட்டையாகி மேல் மண்ணுலயே சுத்தும், அப்புறம் கோடையில ஒன்றரை அடிக்குக் கீழ ஈரம் கெடந்தும் எட்டாது. வறட்சியைத் தாங்கலன்னு சொல்றோம், சுண்ணாம்பு போடாத குத்தம் அது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் இந்தக் கதை அப்படியே பொருந்தாது, அங்க மழையும் கம்மி மண்ணும் வேற.

இதுல இன்னொரு சுழி இருக்கு. பொட்டாசியம், மணிச்சத்து, துத்தநாகம் எல்லாம் வேருக்கு வந்து சேர மண்ணுல ஈரம் வேணும், போரானும் கால்சியமும் செடி உறிஞ்சுற வெள்ளத்தோட ஒழுக்குலதான் ஏறும். மண்ணு காஞ்சா மண்ணுல சத்து இருந்தும் செடிக்குப் பஞ்சம். சத்துக் குறைவு வறட்சியை மோசமாக்கும், வறட்சி சத்துக் குறைவை மோசமாக்கும், ரெண்டும் ஒண்ணையொண்ணு தள்ளிவிடும். சருகு, தென்னை ஓலை, வாழைச் சருகு போட்டு வாழை அடியை மூடி வைக்கிறதுக்கு இது ஒண்ணே போதும் காரணம்.

நம்ம வீட்டுப் பெரியவங்க அடுப்புச் சாம்பலை வாரி தென்ன மூட்டுலயும் வாழ மூட்டுலயும் போடுவாங்க, தேங்காத் தொண்டை (மட்டையை) பள்ளம் வெட்டி அடுக்கி மூடுவாங்க. சாம்பல்ல பொட்டாசியமும் சுண்ணாம்பும் உண்டு, புளிப்பையும் கொஞ்சம் அடக்கும், தொண்டுல பொட்டாசியமும் ஈரம் பிடிக்கிற குணமும் உண்டு. இப்ப எல்லா வீட்டுலயும் கேஸ் அடுப்பு, தொண்டு லாரியில ஏறிப் போயிடுது. வயலுலயும் இதேதான், நெல்லு எடுக்குற பொட்டாஷ்ல முக்கால்வாசிக்கு மேல வைக்கோல்லதான் நிக்கும், நாம வைக்கோலைக் கட்டி விக்கிறோம். விக்க வேண்டாம்னு சொல்லல, மாடு வச்சிருக்கவங்களுக்கு வேணும்தான், ஆனா என்னத்தை வித்தோம்னு தெரிஞ்சு திரும்ப வைக்கணும். சாம்பலை யூரியாவோட மட்டும் கலக்காதீங்க, நைட்ரஜன் அமோனியாவாகி ஆவியா போயிரும்.

வயலைப் பேச்செடுத்ததால அதையும் சொல்லிடுறேன். குன்னு அடிவாரத்து ஏலாக்கள்ல (வயல்வெளியில) காவி நெறத்துல வெள்ளம் ஊறி மேல எண்ணெய் படலம் மாதிரி மினுங்கும் பாத்திருப்பீங்க, அங்க கன்னிப்பூ போகத்துல நெல்லு இலை செம்பு நெறமாகி வளராம நிக்கும். இரும்பு நஞ்சுன்னு சொல்லுவாங்க, பேரைப் பாத்து இரும்பு கூடிட்டு வேற வழியில்லன்னு நினைச்சிருவோம். நல்ல சத்தோட இருக்குற நெல்லு வேர் தன்னைச் சுத்தி ஆக்சிஜனை விட்டு அந்த இரும்பை வெளியிலயே துருவாக்கித் தடுத்திரும். பொட்டாசியமும் மணிச்சத்தும் குறைஞ்ச வேருக்கு அந்தத் தெம்பு கெடையாது. அதனால வெள்ளத்தை வடிச்சு காயப்போடுறதோட சுண்ணாம்பும் பொட்டாஷும் சேத்தாத்தான் தெளியும். துத்தநாகமும் இந்த மாதிரி வெள்ளம் கட்டி நிக்குற வயலுல குறையும், 1966-ல பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்துல ஒய்.எல். நேனேங்கிற விஞ்ஞானி கண்டுபிடிச்சு சொல்றதுக்கு முன்னாடி வடக்க அந்தத் துருப்பிடிச்ச நெல்லு இலையை நோய்னே நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் மணல்ல கலந்து நடவுக்கு முன்ன தூவுனா போதும், சூப்பர் பாஸ்பேட்டோட சேத்துப் போடாதீங்க. சிலிக்காவும் நெல்லுக்கு பெரிய காவல், இலைத் தோலுக்குக் கீழ கண்ணாடிப் பாளம் மாதிரி படிஞ்சு குலைநோயையும் புகையான் பூச்சியையும் சாயுறதையும் குறைக்கும், அதுவும் வைக்கோலோட வெளிய போற சாமான்தான்.

தென்னையில ஒண்ணே ஒண்ணு. வேர் வாடல் நோய் ஃபைட்டோபிளாஸ்மான்னு பாக்டீரியா மாதிரி ஒரு நுண்ணுயிரால வர்றது, எந்த உரமும் அதைக் குணப்படுத்தாது, யாராவது குணமாகும்னு சொல்லி வித்தா வாங்காதீங்க. ஆனா தொழு உரம், பொட்டாஷ், வருஷத்துக்கு மரத்துக்கு 500 கிராம் மெக்னீசியம் சல்பேட் குடுத்து வந்த மரம் நோயோடவே காய்க்கும், குடுக்காத மரம் மஞ்சளாகி மட்டை தொங்கி நின்னு போகும். மணக்குடி மாதிரி கடலோரத்துல உப்பு ஏறுன மண்ணுலயும் பொட்டாசியம் குறைஞ்சா அந்த எடத்துல சோடியம் புகுந்துக்கும்.

இவ்வளவு சொன்னதால பொட்டாஷ் போட்டா புயலையே தாங்கும்னு நினைச்சிராதீங்க. 2017 நவம்பர் 30 அன்னைக்கு ஒக்கி அடிச்சப்ப பொட்டாஷ் போட்டவர் வாழையும் விழுந்துச்சு, போடாதவர் வாழையும் விழுந்துச்சு, ரப்பர் மரமே முறிஞ்சு கெடந்துச்சு. அதுக்கு எந்தச் சத்தும் மருந்து கெடையாது. நான் சொல்றது வருஷா வருஷம் வர்ற ஆனி ஆடிக் காத்து, பங்குனி வெயில், எடவப்பாதி ஈரம், இந்த வழக்கமான அடிகளைப் பத்தித்தான். அதுக்கும் முட்டுக் கம்பு வேணும்தான்.

இனி நீங்க செய்ய வேண்டியது. ஒடிஞ்சதை நெனச்சு நிக்குற வாழைக்கு இப்ப யூரியா போடாதீங்க. குலை தள்ளி ரெண்டு மாசம் ஆன வாழைக்கு இப்ப பொட்டாஷ் போட்டாலும் தண்டுக்கு பலம் ஏறப் போறதில்ல, காய்க்கு கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். பாதிக்கு மேல கருகுன இலையை மட்டும் அறுத்து வெளிய கொண்டு போயி போடுங்க, இலையே இல்லாம ஆக்கிராதீங்க, முட்டுக் குடுங்க. அடுத்த நடவுல ஏத்தனுக்கு நம்ம வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற கணக்கு மூட்டுக்கு 150 கிராம் தழைச்சத்து (நைட்ரஜன்), 90 மணிச்சத்து, 300 சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ். அந்த 300 கிராம் வரணும்னா மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் அரைக்கிலோ போடணும், அதை தழைச்சத்தோட சேத்து மூணு, அஞ்சு, ஏழாவது மாசம்னு பிரிச்சுப் போடணும். காத்து வர்ற ஆனிக்குள்ள எல்லாம் தண்டுக்குள்ள போயிருக்கும், அதுதான் முக்கியம், அடி விழுந்த பிறகு குடுக்குறது வேற கணக்கு. கூடுதலா போட்டா இன்னும் நல்லதுன்னு ஒரு கிலோ தட்டிராதீங்க, பொட்டாஷ் கூடினா மெக்னீசியத்தை உள்ள வரவிடாது, அப்புறம் நான் சொன்ன வெயில் மஞ்சள் வந்து நிக்கும்.

குலையெல்லாம் வெட்டின பிறகு, சுண்ணாம்போ உரமோ போடுறதுக்கு முன்னாடி மண்ணு எடுங்க. மூட்டுலயும் சாம்பல் போட்ட எடத்துலயும் எடுக்காதீங்க, ரெண்டு மூட்டுக்கு நடுவுல, விளை முழுக்க பத்துப் பன்னெண்டு எடத்துல, மேல் சருகை ஒதுக்கிட்டு ஆங்கில வி எழுத்து மாதிரி அரை அடி வெட்டி ஓரத்தைச் சீவி எடுத்து, கலந்து, நிழல்ல ஒணத்தி அரைக்கிலோ. அதே குழியில ஒன்றரை அடி ஆழத்துல இருந்தும் தனியா ஒரு பை எடுங்க, வேர் ஏன் கீழ போகலன்னு அந்தப் பைதான் சொல்லும். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துல விசாரிச்சா எங்க குடுக்கணும்னு சொல்லுவாங்க. முடிஞ்சா அடுத்த விளைக்காரர்கிட்டயும் கேட்டு அவர் மண்ணும் ஒரு பை வாங்குங்க, ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா உங்க கேள்விக்கு நான் எழுதுனதை விட நல்ல பதில் அதுல இருக்கும். பிஹெச் எவ்வளவுன்னு வந்ததும் எனக்கு அனுப்புங்க அண்ணே, சுண்ணாம்பு எவ்வளவு போடலாம்னு பாத்துச் சொல்றேன்.